முதலாளி படம் கொஞ்சம் பெருசா

மதுரையில் விளம்பரக் கம்பெனி வைத்திருக்கிறேன் என்று எண்பதுகளில் சொன்னால், பெண் வீட்டார் அடுத்துக் கேட்டது, "அது சரி தம்பி, தொழில் என்ன பண்றீங்க?" என்பதுதான். இன்றைக்கு அதே ஊரில், காலேஜ் முடித்து ஆறு மாதம்கூட ஆகாத பையன் ஒரு போனையும் ஒரு வட்ட விளக்கையும் வைத்துக்கொண்டு "டிஜிட்டல் மார்க்கெட்டிங்" என்கிறான். பெண் வீட்டார் நாற்காலியை இழுத்துப் போடுகிறார்கள். நாடு முன்னேறவில்லை என்று எவன் சொன்னது?

எங்கள் அலுவலகம் டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில். தொடங்கும்போது பலகையில் "அட்வர்டைசிங்" என்று இருந்தது. தொண்ணூறுகளில் எங்களைப் போன்றவர்கள் எல்லாம் "கம்யூனிகேஷன்ஸ்" ஆனார்கள், நாங்களும் ஆனோம். மறுநாளே மாடிப்படியில் செருப்புச் சத்தம். "திருப்பூருக்கு ஒரு எஸ்டிடி போடணும்ணே", "ஜெராக்ஸ் எவ்வளவு?" தெருவுக்குத் தெரு மஞ்சள் பலகை மாட்டியிருந்த எஸ்டிடி பூத்துகளில் பாதிக்கும் அதே பெயர்தான். அப்போது ராத்திரி பதினொன்றுக்கு மேல் பேசினால் கால் கட்டணம். அதனால் நாங்கள் கதவைச் சாத்துகிற நேரத்தில்தான் சிலர் ஏறி வருவார்கள். பலகையை மாற்றலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, போன் பேச வந்த ஒருவர் போன் இல்லை என்றதும் மூச்சு வாங்க உட்கார்ந்து, "சரி, வேற என்னதான் பண்றீங்க?" என்று கேட்டார். அவர் ஒரு கல்யாண மண்டபம் கட்டிக்கொண்டிருந்தார். மண்டபத் திறப்பு விழா விளம்பரம் எங்களுக்கு வந்தது. பலகை அப்படியே இருந்துவிட்டது. பூத்துகள் போன பிறகு ரீசார்ஜ் கேட்டு வந்தார்கள். இப்போது ஆதார் திருத்தம் கேட்டு வருகிறார்கள். நாங்கள் நாற்காலி காட்டுகிறோம்.

தினத்தந்தி 1942-இல் பிறந்த ஊர் இது. விளம்பரம் என்றால் என்ன என்று மதுரை வியாபாரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பத்திரிகையில் இடத்தைக் காலம் சென்டிமீட்டர் கணக்கில் விற்பார்கள்: இத்தனை பத்தி அகலம், இத்தனை சென்டிமீட்டர் உயரம், பெருக்கினால் விலை. விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடை அண்ணாச்சி, தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் காலைப் பேப்பரை ஸ்கேலோடுதான் படிப்பார். போட்டிக்கடை விளம்பரத்தை அளந்துவிட்டு எனக்கு ஆள் அனுப்புவார். "அவனோடதுக்கு மேல ரெண்டு சென்டி போடுப்பா." என்ன சேலை, என்ன விலை, என்ன வாசகம் என்பதெல்லாம் என் பாடு. அவர் பக்கத்திலிருந்து ஒரே ஒரு திருத்தம் வரும்: "முதலாளி படம் கொஞ்சம் பெருசா." தன்னைத் தானே முதலாளி என்று சொல்லிக்கொள்வது அவர் வழக்கம். கடையில் எல்லோரும் அப்படித்தானே சொல்கிறார்கள், தான் மட்டும் எதற்கு மாற்றிச் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கலாம்.

வாங்குகிறவர்களுக்காகத்தான் விளம்பரம் என்று மார்க்கெட்டிங் புத்தகங்கள் சொல்கின்றன. எழுதியவர்கள் மதுரைக்கு வந்ததில்லை போலும். நான் பார்த்தவரை இங்கே விளம்பரம் மூன்று பேருக்காகப் போடப்படுகிறது: எதிர்க்கடைக்காரர், சம்பந்தி, பணம் கொடுத்தவர். வாடிக்கையாளரும் பார்த்துவிட்டால் அது உபரி லாபம். உசிலம்பட்டி ரோட்டில் ஒரு குறிப்பிட்ட சுவர்தான் வேண்டும் என்று இன்னொரு முதலாளி பிடிவாதம் பிடித்தார். அந்த வழியாகப் போகிறவர்கள் அவர் விற்ற குளிர்சாதனப் பெட்டியை வாங்குகிற காலம் இல்லை அது. விசாரித்தால், மகளைக் கொடுத்த வீடு அந்தச் சுவருக்கு எதிரே இருந்தது. சம்பந்தியம்மாள் காலையில் கோலம் போட நிமிர்ந்தால் இவர் கடைப் பெயர் கண்ணில் பட வேண்டும். பட்டது. மகளுக்கு அந்த வீட்டில் மரியாதை கூடியதாகத்தான் கேள்வி. இந்தப் பலனை எந்தக் கணக்கில் எழுதுவது?

இப்போது அண்ணாச்சி கடையின் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் விளம்பரங்களை என் மகள் பார்த்துக்கொள்கிறாள். பெண்கள், 25 முதல் 45 வயது, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை என்று யார் கண்ணில் படவேண்டுமோ அவர்களுக்கு மட்டும் போகும்படி அமைத்தாள். முதல் வாரமே கடையில் கூட்டம் தெரிந்தது. ஆனால் அண்ணாச்சி எனக்குப் போன் போட்டார். குரலில் அவ்வளவு சூடு.

"என்னப்பா, காசு மட்டும் போயிக்கிருக்கு, விளம்பரத்தையே காணோம்?"

"வந்துக்கிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி. கடைக்கு ஆள் வருதுல்ல?"

"ஆள் வருதுப்பா. என் போன்ல வரலையே!"

எழுபதை நெருங்கும் ஆண்மகனுக்குப் பட்டுப்பாவாடை விளம்பரம் ஏன் காட்டப்படவில்லை என்பதை விளக்கிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஏற்றுக்கொள்ளவில்லை. மகள் ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, அவர் வீட்டை நடுவில் வைத்து இரண்டு கிலோமீட்டர் சுற்றளவுக்கு, ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு மட்டும், ஒரு சின்ன விளம்பரத்தைத் தனியாக ஓடவிட்டாள். அதில் சேலை கிடையாது. முதலாளி படம், பெரிதாக. அன்று சாயங்காலமே அண்ணாச்சி கூப்பிட்டார். "இப்பத்தான்ப்பா விளம்பரம்னா விளம்பரம் மாதிரி இருக்கு. நம்ம வாக்கிங் குரூப்புல எல்லாரும் பாத்துட்டாங்க." பட்ஜெட்டை உயர்த்தினார். அன்றிலிருந்து எங்களிடம் வருகிற ஒவ்வொரு கணக்கிலும், முதலாளி வீட்டைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு தொகை ஒதுக்கிவிடுகிறோம். அமெரிக்காவில் எவ்வளவோ மூளையைச் செலவழித்து உண்டாக்கிய தொழில்நுட்பம், அண்ணாச்சியின் ஸ்கேல் செய்த வேலையை இப்போது செய்கிறது.

வேலை செய்கிற விதம்தான் தலைகீழ். அன்றைக்குத் தலைப்பு எழுத்துகளை ஆர்ட்டிஸ்ட் பிரஷ்ஷால் எழுதுவார். சின்ன எழுத்துகள் கம்போசிங்கிலிருந்து வரும். எல்லாவற்றையும் புரோமைடு எடுத்து, பிளேடால் வெட்டி, ரப்பர் சொல்யூஷன் தடவி அட்டையில் ஒட்டி, மேலே பட்டர் பேப்பர் போர்த்தி, திருத்தங்களை அதன்மேல் பென்சிலில் குறிக்க வேண்டும். சென்னை வார இதழுக்கு என்றால் அந்த அட்டை பாண்டியன் எக்ஸ்பிரஸில் யாராவது தெரிந்தவர் கையோடு போகும். காலையில் எழும்பூரில் ஒருவர் நின்று வாங்கிக்கொள்வார். ஒரு புள்ளியை மாற்ற வேண்டுமானாலும் மறுபடி புரோமைடு, மறுபடி காசு. அதனால் முதலாளிகள் வேண்டாத திருத்தம் சொல்வதில்லை. கண்ணை மூடி யோசித்து, ஒரு முறை சொல்வார்கள். இன்றைக்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை. ஆகவே யாருக்கும் திருப்தியே இல்லை. பின்னணி மெரூனா மஞ்சளா என்று முதலாளி, அவர் மனைவி, பெங்களூரில் ஐடியில் இருக்கும் மருமகன், மருமகனின் நண்பர் எல்லோரும் வாட்ஸ்அப்பில் கருத்துச் சொல்கிறார்கள். ராத்திரி ஒன்றரைக்கு மெரூனில் முடிவாகிறது. காலையில் ஜோசியர் மஞ்சள் என்கிறார்.

சுவர் விளம்பரத்தில் இந்த வம்பு கிடையாது. சுண்ணாம்பு அடித்த சுவர் காய்ந்ததும் பெயிண்டர் ஒரு முனையையும் கூட வந்த பையன் மறுமுனையையும் பிடித்து நூல் அடிப்பார்கள். கோடு விழுந்த அடுத்த நிமிடம் எழுத்து தொடங்கிவிடும். ஏணியில் நின்றபடி, எட்டி நின்று ஒருமுறைகூடப் பார்க்காமல், ஆள் உயரத்துக்கு "ழ" போடுகிற கை எங்களிடம் ஒன்று இருந்தது. சுவரைப் பிடிப்பதுதான் கஷ்டம். நல்ல சுவர் எல்லாவற்றையும் கட்சிக்காரர்கள் வருடக் கணக்குப் போட்டு ரிசர்வ் செய்து வைத்திருப்பார்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-லேயே தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. அந்தச் சட்டம் இருக்கும்போதே இத்தனை சுவர்களும் நிறைந்தன என்பதால், சட்டத்தைப் பற்றி யாரும் விளம்பரம் செய்யவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு ஃப்ளக்ஸ் வந்தது. சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசி, மாலையில் கொடுத்தால் காலையில் கட்டிவிடலாம். பெயிண்டர்கள் ஒவ்வொருவராக ஏணியைச் சாத்திவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள். எங்கள் "ழ" பெயிண்டர் வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போனார். சுவர் அதேதான், எழுத்து மட்டும் இல்லை. அதுவரை தலைவருக்கு மட்டும் கட்அவுட் இருந்த ஊரில், ஃப்ளக்ஸ் வந்த பின் காதுகுத்துக்கு பேனர், பூப்பு நீராட்டுக்கு பேனர், கண்ணீர் அஞ்சலிக்கு பேனர். எந்த விசேஷமானாலும் கீழே நாற்பது முகம் கண்ணாடி போட்டுக்கொண்டு சிரிக்கும். மதுரையில் பேனரில் இல்லாத முகத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்ற நிலையில், உயிரோடு இருப்பவர்கள் படத்தை பேனரில் போடக்கூடாது என்று 2017 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஃப்ளக்ஸ் கடைக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். "அப்ப இறந்தவங்களுக்கு மட்டும்தானாண்ணே? அவிங்க காசு குடுக்க மாட்டாங்களே!" அந்த உத்தரவு அப்படியே நிலைக்கவில்லை.

சிரிப்பதெல்லாம் அதுவரைதான். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில், சாலை நடுவே அனுமதியில்லாமல் கட்டிய பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் வந்த இளம் பொறியாளர் ஒருவர் லாரிச் சக்கரத்தில் போனார். கட்சிகள் அறிக்கை விட்டன, இனி பேனர் இல்லை என்றன. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அதற்கு முன்பே வாயைத் திறந்திருக்க வேண்டும். காற்றடிக்கும் மாதத்தில் சவுக்குக் கட்டையில் அத்தனை உயரத்துக்குத் துணி கட்டினால் என்ன ஆகும் என்று கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். பேனர்கள் கொஞ்ச நாள் குறைந்திருந்தன. இப்போது ஊரைச் சுற்றி வந்தால், குறைந்தது என்று சொல்ல மனம் வரவில்லை.

தியேட்டர் ஸ்லைடு பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தலைமுறை மன்னிக்காது. கண்ணாடியில் படமெடுத்த ஸ்லைடு, இடைவேளையில் சில நொடி திரையில் நிற்கும். கட்டணம் வாரக் கணக்கு. பராசக்தி வெளியான 1952 தீபாவளிக்குத் திறந்த தங்கம் தியேட்டரில், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்திருப்பார்கள். ஆசியாவிலேயே பெரியது என்று நாங்கள் பீற்றிக்கொண்ட தியேட்டர். அவ்வளவு பேரில் ஒருவரும் விளம்பரத்தைத் தள்ளிவிட முடியாது. ஐந்து நொடியில் "ஸ்கிப்" பட்டன் கிடையாது. முறுக்கு வாங்க எழுந்து போகலாம், அவ்வளவுதான். அந்த ஸ்லைடைப் பார்க்கவே முதலாளி குடும்பத்தோடு டிக்கெட் எடுத்துப் போவார். கடை ஊழியர்கள் விசிலடிப்பார்கள். படம் எப்படி என்று கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. தங்கம் இருந்த இடத்தில் இன்று பல மாடி ஜவுளிக்கடை. விளம்பரம் காட்டிய இடத்தில் விளம்பரம் கொடுத்தவர்களே குடியேறிவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

அளந்து பார்க்க முடியுமா என்பதுதான் இன்றைய பெரிய பேச்சு. அன்று அளக்க முடியாது, இன்று எல்லாம் எண்ணாக வருகிறது என்கிறார்கள். நான் கல்லாவின் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ கடைகளில் கேட்டிருக்கிறேன்: "நம்ம கடை உங்களுக்கு எப்படித் தெரியும்?" விளம்பரத்தைப் பார்த்து வந்தோம் என்று எவரும் சொன்னதில்லை. "பக்கத்து வீட்டு அக்கா சொன்னாங்க." எப்போதும் இதே பதில். அந்த அக்காவுக்கு யார் சொன்னது என்று போய்க் கேட்டால், அவர் நம் கையில் கொடுப்பது பேப்பர் கட்டிங். விளம்பரத்தால் வந்தேன் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் கௌரவம் இடம் கொடுப்பதில்லை. இன்று ஆன்லைனில் வருகிற விசாரணைகளுக்கு "லீட்" என்று பெயர். ஒரு மெஸ்ஸுக்கு விளம்பரம் போட்டோம். அபுதாபியிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் இதயக்குறி குவிந்தது. கறிதோசை சாப்பிட வந்தவர்களைக் கேட்டோம். பக்கத்து வீட்டு அக்கா.

எண் என்றாலே உண்மை என்று நம்புகிறவர்களுக்கு நோட்டீஸ் பையன்களை நினைவூட்ட வேண்டும். பஸ் ஸ்டாண்டில் கொடுக்கச் சொல்லி ஐயாயிரம் நோட்டீஸ் கொடுத்தால், சுறுசுறுப்பான பையன் ஒரு மணி நேரத்தில் கொடுத்து முடித்துவிட்டு வருவான். வைகை அப்போதே வற்றியிருந்ததால் கட்டுக் கட்டாக நோட்டீஸ் மணலில் கிடப்பது பாலத்திலிருந்து தெரியும். இன்று காசு கொடுத்தால் பத்தாயிரம் ஃபாலோயர் ஒரே ராத்திரியில் வந்து நிற்கிறார்கள். முகமும் இல்லை, பெயரிலும் பாதி எண். அந்தப் பையன்களில் யாரோதான் இந்தக் கம்பெனியை நடத்துகிறான் என்பது என் சந்தேகம்.

உண்மையாகவே அளந்தவர் ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார் என்றால் அது கடலூர் சி.கே.ரங்கநாதன். சாஷேயில் ஷாம்பு என்ற யோசனை அவர் தந்தை சின்னிகிருஷ்ணனுடையது. குடும்பத் தொழிலிலிருந்து பிரிந்து, 1983-இல் 15,000 ரூபாய் முதலில் சிக் ஷாம்புவைத் தொடங்கினார் மகன். கிராமத்துக்குப் போய், பையன்களின் தலையில் ஷாம்பு போட்டு அலசி, கூடியிருப்பவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். காலி ஷாம்பு பாக்கெட்டுகளைக் கொண்டுவந்தால் சிக் பாக்கெட் இலவசம் என்றார்கள். எந்தக் கம்பெனி பாக்கெட்டாக இருந்தாலும் சரி. ஆள் பழகியதும், இனி சிக் காலிப் பாக்கெட்டுக்கு மட்டும்தான் என்று விதியை மாற்றினார்கள். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற பேச்சே இல்லை. காலிப் பாக்கெட்டை எண்ணினால் எத்தனை தலை நனைந்தது என்று தெரிந்துவிடும். இதற்கு மேல் ஒரு கணக்கை எந்தக் கம்ப்யூட்டரும் எனக்கு இன்றுவரை காட்டவில்லை.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் மிகச் சிறந்த விளம்பர சாதனம் எது என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் மஞ்சப்பை என்பேன். ஜவுளிக்கடை துணியோடு கொடுத்த பை. ஒரு பக்கம் கடைப் பெயர், மறுபக்கம் பிள்ளையார். வாங்கிய துணி கிழிந்த பிறகும் பை உழைக்கும். பத்திரம் வைத்துக்கொண்டு ரிஜிஸ்டர் ஆபீஸ், ரிப்போர்ட் வைத்துக்கொண்டு ராஜாஜி ஆஸ்பத்திரி, நெல் விற்ற பணம் வைத்துக்கொண்டு பஸ் என்று எங்கும் போகும். பிறகு மஞ்சப்பை தூக்கியவன் பட்டிக்காட்டான் என்று சினிமா சொல்லிச் சொல்லியே அதை ஒழித்தது. கடைகள் பளபளப்பான பிளாஸ்டிக்குக்கு மாறின. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை. 2021 டிசம்பரில் அரசே "மீண்டும் மஞ்சப்பை" என்று இயக்கம் தொடங்கியது. அதே அண்ணாச்சியின் பேத்தி இப்போது என்னிடம் வந்து, "அங்கிள், எங்களுக்கு ஒரு ஈகோ ஃப்ரெண்ட்லி பிராண்டிங் பண்ணணும்" என்றாள். பழைய பையின் மாதிரி ஒன்றை பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிள்ளையார் வேண்டாம், ஒரு இலை போடலாம் என்றாள். போட்டோம். பில் மட்டும் தாத்தா காலத்தைவிடப் பல மடங்கு.

அடுத்த இடம் சித்திரைத் திருவிழா விசிறிக்கு. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று அந்த வெயிலில், அட்டை விசிறியை இலவசமாகக் கொடுக்கிறவன் புண்ணியவான். வாங்கியவர் அதைக் கீழே போட மாட்டார், பக்கத்திலிருப்பவருக்கும் சேர்த்து வீசுவார். கடைப் பெயர் முகத்துக்கு முன் ஆடிக்கொண்டே இருக்கும். காலண்டர் மூன்றாவது. சிவகாசியில் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்து ஆல்பம் வந்துவிடும். அந்தக் கனத்த ஆல்பத்தை விரித்து முதலாளியும் வீட்டம்மாவும் சாமி தேர்ந்தெடுப்பார்கள். ராகு காலம் பார்க்கத் தினம் ஒருமுறை நிமிர்ந்துதானே ஆகவேண்டும்? நேரம் பார்க்க இன்று எல்லார் கையிலும் போன் இருக்கிறது. இருந்தும் டிசம்பர் கடைசியில் "காலண்டர் இல்லையாண்ணே?" என்று கேட்டு வராத வாடிக்கையாளர் கிடையாது. கொடுக்காவிட்டால் அடுத்த வருஷம் கடை மாற்றிவிடுவார்கள். விளம்பரத்தை மக்கள் தாமே கேட்டு வாங்கி, கோபித்துக்கொண்டு வாங்கி, ஆணியடித்து மாட்டிக்கொள்கிற காட்சியை மார்க்கெட்டிங் வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள்.

நாள் நட்சத்திரத்தை விற்பதிலும் எங்கள் கூட்டம் சளைத்ததில்லை. ஆடி என்றால் கல்யாணம் இல்லை, ஜவுளிக்கடையில் ஈ ஓட்டுவார்கள். தேங்கிய சரக்கைத் தள்ள ஆடித் தள்ளுபடி வந்தது. இப்போது தள்ளுபடிக்காகவே சரக்கு நெய்து வருகிறது. அட்சய திருதியைக்கு நகை வாங்கியதாக என் பாட்டி சொல்லிக் கேட்டதில்லை. என் மனைவி வாங்காமல் இருந்ததில்லை. இடையில் வந்தது விளம்பரம்தான். எங்கள் வேலை இவ்வளவு நன்றாகப் பலிக்கும் என்று தெரிந்திருந்தால் வேறு ஏதாவது நாளைத் தேர்ந்தெடுத்திருக்கலாம், மாதச் சம்பளம் வருகிற தேதியை ஒட்டி.

எஸ்எம்எஸ் காலம் சீக்கிரம் வந்து சீக்கிரம் போனது. மொத்தமாக லட்சக்கணக்கில் அனுப்பினார்கள், ஜனங்களுக்கு வெறுத்துப்போனது. தொந்தரவு வேண்டாம் என்போருக்கான பட்டியல் 2007-இல் வந்தது. பின்னாளில், அனுப்புகிற வாசகத்தையே முன்கூட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்றார்கள். 2021 மார்ச்சில் அதை முடுக்கியபோது வங்கி ஓடிபிகூட வராமல் ஊர் திணறி, ஒரு வாரம் நிறுத்தி வைத்தார்கள். விளம்பரத்தைத் தடுக்கப் போய் பணத்தையே தடுத்த முதல் சட்டம் அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்திருக்கிறது. "உங்க வேலையெல்லாம் அதுவே செஞ்சிருமாம்ல?" என்று வருகிறவர்கள் எல்லாம் துக்கம் விசாரிக்கிறார்கள். மகள் அதனிடம் நகைக்கடைக்கு ஒரு வாசகம் கேட்டாள். பாரம்பரியம், நம்பிக்கை, தரம், தலைமுறை என்று வரிசையாக எழுதிக் கொடுத்தது. படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது; எண்பத்தைந்தில் நானும் என் கூட்டாளியும் எழுதிக்கொண்டிருந்த அதே வாசகம். இவ்வளவு கணினி, இவ்வளவு மின்சாரம், கடைசியில் எங்கள் மாடிக்கே வந்து சேர்ந்திருக்கிறது. படத்தில் மட்டும் அது கெட்டிக்காரன். அன்று ஸ்டுடியோவில் டச்சிங் ஆர்ட்டிஸ்ட் மெல்லிய பிரஷ்ஷால் அண்ணாச்சிக்குத் தலைமுடியைக் கறுப்பாக்குவார். காதோரம் கொஞ்சம் வெளுப்பை விட்டுவைப்பார், அதுதான் நியாயம் என்பார். இந்த இயந்திரத்துக்கு அந்த நியாயம் தெரியாது. முப்பது வயது அண்ணாச்சியைக் கோட்டு சூட்டோடு கொண்டுவந்து நிறுத்தியது. இது சரிப்படுமா என்று தயங்கிக்கொண்டே அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "இன்னும் கொஞ்சம் பெருசா."

எங்கள் தொழிலின் கணக்கைச் சொல்லியாக வேண்டும். பத்திரிகை தருகிற கமிஷன் 15 சதவீதம். அது எங்களுக்குத் தெரிவதற்கு முன்பே முதலாளிகளுக்குத் தெரியும். "பதினஞ்சுல எனக்கு அஞ்சு" என்றுதான் பேச்சே ஆரம்பம். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பத்திரிகை இடத்துக்கு 5, எங்கள் மற்ற வேலைகளுக்கு 18 சதவீதம் என்றானது. முதலாளி பணம் தருகிறாரோ இல்லையோ, பில் போட்ட மாதத்துக்கு வரி கட்டியாக வேண்டும். பத்திரிகைக்கும் தவணை தவறாமல் நாங்கள் கட்ட வேண்டும். இன்றைக்கு ஃபேஸ்புக்கும் கூகுளும் கார்டிலிருந்து அன்றன்றைக்கே எடுத்துக்கொள்கின்றன. முதலாளி மட்டும், "வெள்ளிக்கிழமை லட்சுமியை வெளிய அனுப்பக் கூடாது, செவ்வாய் ஆகாது, அமாவாசை முடியட்டும்" என்பார். அன்றும் இன்றும் என்று இத்தனை பேசினோமே, இதில் மட்டும் அன்றுக்கும் இன்றுக்கும் ஒரு நூல் வித்தியாசம் கிடையாது. ஜிபே வந்தபின் பணம் நொடியில் போகும் என்கிறார்கள். புறப்பட்டால்தானே?

ஆகவே இதைப் படிக்கிற கடை முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. குறு, சிறு தொழில்களுக்குத் தரவேண்டிய பணத்தை, என்ன ஒப்பந்தம் போட்டிருந்தாலும், 45 நாளுக்குள் தந்துவிட வேண்டும் என்று 2006-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியிலும் ஒரு பிரிவு சேர்ந்திருக்கிறது: கெடு தாண்டினால், பணத்தை எப்போது கொடுக்கிறீர்களோ அந்த வருஷத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். வட்டியெல்லாம் நாங்கள் கேட்க மாட்டோம். கேட்டால் அடுத்த தீபாவளிக்கு வேறு ஆளிடம் போய்விடுவீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். உத்யம் பதிவு எண்ணை பில்லின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறோம். கணக்குப்பிள்ளையிடம் ஒருமுறை காட்டிவிட்டு, தீபாவளிக்குப் போட்ட விளம்பரத்தின் பணத்தைப் பொங்கலுக்குள்ளாவது அனுப்பி வையுங்கள்.